ஜனாஸா குறூப்பில் புது ஆள்

கல்முனை
14.01.2025

அன்புள்ள மகள் றஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தபாலில் வாப்பாவின் கையெழுத்தைக் கண்டதும் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் இல்லை. உம்மா இருக்கிறாள். நான் இருக்கிறேன். என் முழங்கால் மட்டும் எனக்கு முன்னால் போய்ச் சேருகிற யோசனையில் இருக்கிறது. மழை விடவில்லை. குஷன் கடையில் ஓட்டோ சீட்டுக்கு வாங்கி வைத்த றெக்சினெல்லாம் பூஞ்சணம் பிடித்து, கறுப்பு கேட்டவனுக்குச் சாம்பலைக் காட்ட வேண்டியிருக்கிறது.

வட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனிசனுக்கு என்ன பிடித்தது என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வியாழக்கிழமை கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். சிவில் உடுப்பு, மரியாதையான பிள்ளைகள். சீட் அடிக்க வந்தவர்கள் என்று நினைத்து நான் சாம்பிளை எல்லாம் எடுத்து விரித்துவிட்டேன். என்ன நிறம் என்றுகூடக் கேட்டேன். அவர்களில் தமிழ் கதைக்கிறவர், "அங்கிள், ஒரு சின்ன விசாரணை, ஒருக்கா அலுவலகத்துக்கு வந்திட்டுப் போங்க, போனையும் எடுத்துக்கொள்ளுங்க" என்றார். நானும் சாரத்தை மாற்றி, கழிசான் போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு போனேன். கலியாணத்துக்குப் போகிறவன்கூட அவ்வளவு அவசரமாகப் போகமாட்டான்.

அங்கே போனைக் கேட்டார்கள், கொடுத்தேன். லொக் நம்பரைக் கேட்டார்கள், சொன்னேன். அது நீ பிறந்த வருசம் என்பதையும் கேட்காமலே சொன்னேன். ஒரு சின்னப் பெட்டியில் வயரால் கொழுவினார்கள். வயர் சரியாகப் பிடிக்கவில்லை, நான்தான் விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் வாப்பாவுக்கு அவ்வளவு உதவி மனப்பான்மை.

பிறகு வட்ஸ்அப்பில் நான் நடத்துகிற ஜனாஸா குறூப்பைப் பற்றிக் கேட்டார்கள். நம் பள்ளிவாசல் பக்கம் யார் மௌத்தானாலும் முதல் செய்தி என் போனுக்குத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். இன்னாருடைய வாப்பா, இன்னாருடைய மாமனார், அடக்கம் எத்தனை மணிக்கு, எந்த மையவாடியில் என்று நான் எழுதிப் போட்டால் நானூறு ஐந்நூறு பேர் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். ஓ.எல். பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்ட எனக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே பதவி இதுதான்.

"ஒரு நம்பரைச் சேர்த்துவிடுங்க அங்கிள். ஒண்டும் செய்யாது, சும்மா இருக்கும்" என்றார்கள்.

"ஏன் தம்பி, உங்கட ஊட்டுலயும் ஆரும் மௌத்தா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சேர்த்துவிட்டேன். குறூப்பின் சட்டதிட்டத்தையும் விளக்கினேன். மௌத்துச் செய்தி மட்டும்தான், காலை வணக்கம், றோசாப்பூ, சீனி வியாதிக்கு மருந்து இதெல்லாம் போடக்கூடாது. அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

இவ்வளவும் பகிடிதான் மகள். பகிடி இல்லாதது வாசலில் நடந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தமிழ் கதைக்கிறவர் அன்பாகத் தோளில் தட்டி, "மகளுக்கு இப்ப இருமல் சுகமா? இஞ்சியில தேன் விட்டுக் குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

உனக்கு இருமல் என்று நீ யாருக்குச் சொன்னாய்? எனக்கு அனுப்பிய குரல் பதிவில் மட்டும்தான் சொன்னாய். இருமல் பதிவு இருந்தால் மற்றதும் இருக்கும். கலியாணப் பேச்சு முறிந்த அன்று நீ அழுது அனுப்பினாயே, உம்மாவுக்குக்கூடப் போட்டுக் காட்டாமல் வைத்திருந்தேன். அதுவும் அங்கேதான் இருக்கிறது.

அதனால் இனி வெள்ளிக்கிழமை போன் கோலில் நாம் மீன் விலை, மழை, என் முழங்கால் மட்டும் கதைப்போம். மற்றதெல்லாம் கடிதத்தில். கடிதத்தையும் உடைத்துப் படிக்கலாம்தான். ஆனால் என் கையெழுத்தை வாசித்து முடிக்கிற பொறுமை எந்த அரசாங்கத்துக்கும் இருக்காது.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
உன்னை நினைத்தே தேத்தண்ணி குடிக்கும் வாப்பா,
கலந்தர்


மன்செஸ்டர்
25.01.2025

அன்புள்ள வாப்பா,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு பாத்றூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இருமல் சுகம். அதைக் கேட்ட மனிதருக்கும் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன், ஏனென்றால் நாள் இல்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். பிந்தினால் பெரும்பாலும் கதவு மூடிவிடும். ஒன்பதாம் திகதி நடந்தது. அடுத்த ஒன்பதாம் திகதிக்கு முன்னால் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும்.

நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கும் ஆய்வே இதைப் பற்றித்தான் வாப்பா. நம் அரசியலமைப்பில் ஒருவருடைய அந்தரங்கத்துக்கென்று ஓர் உரிமை எழுதப்படவே இல்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள், நடைமுறைக்கு வரும் திகதியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். வந்தாலும் 'தேசிய பாதுகாப்பு' என்று ஒரு சொல்லைச் சொன்னால் அதற்குள் பெரிய ஓட்டை இருக்கிறது. மிஞ்சியது சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற பிரிவு ஒன்றுதான். அதைப் பிடித்துத்தான் தொங்க வேண்டும். தொங்கலாம்.

என்னோடு கொழும்பில் சட்டம் படித்த விதுஷாவை உங்களுக்குத் தெரியும். பஸ் டிப்போவுக்குப் பின்னால் அவளுடைய அலுவலகம். போய் நடந்ததைச் சொல்லுங்கள். மனுவை அவள் தயாரிப்பாள். உங்கள் பெயரில்தான் போட வேண்டும், போன் உங்களுடையது.

அந்த நம்பரை இப்போதைக்கு அகற்ற வேண்டாம், அதுவும் ஆதாரம். குறூப்பில் இருக்கிற ஐந்நூறு பேரில் யாருடைய ஜனாஸாவுக்கு யார் போகிறார்கள் என்று இருந்த இடத்தில் இருந்தே ஒருவர் பார்க்கிறார். இதை நீங்கள் பகிடியாக எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. நீதிமன்றத்தில் பகிடி இல்லாமல் சொன்னால் போதும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வர லீவு கேட்டிருக்கிறேன். உம்மாவுக்கு முத்தங்கள்.

உங்கள் மகள்,
றஸ்னா


கல்முனை
11.02.2025

அன்புள்ள மகள் றஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திகதியைப் பார். பார்த்ததும் விளங்கியிருக்கும். கடைசிப் பக்கத்தில் சொல்லலாம் என்று இருந்தேன். நீ சட்டம் படித்த பிள்ளை, எப்படியும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். நான் கையெழுத்து வைக்கவில்லை.

விதுஷாவிடம் போனேன். தங்கமான பிள்ளை. கதிரையில் என்னை இருத்தி, பேனையைத் திறந்துகொண்டு கேட்டது.

"அங்கிள், போனைப் பறிச்செடுத்தவங்களா?"

"இல்ல புள்ள, நான்தான் குடுத்தன்."

"லொக்?"

"அதையும் நான்தான் செல்லிக்குடுத்தன். வயரையும் நான்தான் பிடிச்சிக்கி நிண்டன்."

அது பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தது. "தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"ரெண்டு கோப்பை. சீனி கொஞ்சம் கூட."

"அங்கிள், இனி ஆர் கேட்டாலும் சீனியை மட்டும் சொல்லாதீங்க."

ஆனாலும் மனுவை எழுதித் தந்தது. 'விரும்பிக் கொடுத்ததல்ல, அச்சத்தில் கொடுத்தது' என்று ஒரு வரி. அதை வாசித்தபோதுதான் எனக்கே தெரியவந்தது. அன்று சென்ட் அடித்துக்கொண்டு போனது பயத்தில்தான் மகள். நான் இவ்வளவு நாளும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து கையெழுத்து வைப்பதாகச் சொல்லி, கடதாசியைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தேன். அன்று பின்னேரம் அந்தத் தமிழ் கதைக்கிற தம்பி ஒரு ஓட்டோவில் வந்து இறங்கினார். இந்தமுறை உண்மையாகவே சீட் அடிக்க. சிவப்பும் கறுப்பும் கலந்து கேட்டார். அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "மகள் ஹஜ்ஜுக்கு வாறாபோல. வரட்டும், நல்லம். எயார்போட்டில ஒரு கரைச்சலும் இல்லாம வரட்டும். நாங்க இரிக்கம்தானே" என்றார். நீ வருவதைப் பற்றி உம்மா கோலில் ஒருக்கால் வாய்விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அது வாக்குறுதியா மிரட்டலா என்று பிரித்துப் பார்க்கிற படிப்பு எனக்கு இல்லை. ஒலுவில் பல்கலைக்கழக மாணவர்களைக் கூட்டி வந்து ஒரு கருத்தரங்கு வைத்தால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்வார்களாக இருக்கும். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. கட்டுநாயக்கா எயார்போட்டில் நீ பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறாய், கண்ணாடிக்கு வெளியே நானும் உம்மாவும் நிற்கிறோம், எல்லோரும் வெளியே வந்து முடிகிறார்கள், நீ மட்டும் வரவில்லை. அந்தக் காட்சி அளவுநாடாவோடு என் கையிலேயே நின்றுவிட்டது. விதுஷாவின் கடதாசியில் உன் பெயர் நாலாவது பந்தியில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. நான் விதுஷாவின் அலுவலகத்தைத் தாண்டி, மீன் மார்க்கட்டுக்குப் போய், பாரைக்குட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குறூப்பில் ஒரு கூத்து நடந்தது. போன கிழமை ஒரு மௌத்து. நான் செய்தியைப் போட்ட உடனே முதல் ஆளாக 'இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்' என்று எழுதியது யார் தெரியுமா? அந்தப் புது நம்பர். எழுத்துப் பிழையில்லாமல். நம் ஆட்கள் இரண்டு பேர் ஆமீனும் போட்டார்கள். பிறகு ஹமீட் காக்கா தனியாகக் கோல் எடுத்து, "கலந்தர், இது ஆரப்பா, நம்மள முந்திறான்?" என்று கேட்டார். பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காயரிடம் பொய் சொல்லக்கூடாது. ஒலுவில் பக்கத்து ஆள் என்று சொல்லிவிட்டேன்.

கோபிக்காதே. நீ வந்து, என் முன்னால் இருந்து, வாய்க்கு வந்தபடி ஏசு. அதைக் கேட்கத்தான் இவ்வளவும் செய்தேன்.

பயந்தாங்கொள்ளி வாப்பா,
கலந்தர்


மன்செஸ்டர்
23.02.2025

வாப்பா,

ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது.

நான் வருவதற்காக நீங்கள் கையெழுத்து வைக்கவில்லை. அது என் பயணம். வருவதா விடுவதா என்று என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். எனக்குப் பதிலாக நீங்களும் அந்த மனிதரும் சேர்ந்து தீர்மானித்திருக்கிறீர்கள், ஓட்டோ சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அவர்கள் எடுத்தது உங்கள் போனை, உண்மைதான். அதற்குள் இருந்தது என் குரல். உம்மாவுக்குக்கூட நீங்கள் போட்டுக் காட்டாதது. அது எங்கே இருக்கிறது, எத்தனை காலம் வைத்திருப்பார்கள், யார் யார் கேட்பார்கள், எப்போதாவது அழிப்பார்களா என்று கேட்க எனக்கு ஒரு சட்டமும் இல்லை. எனக்கு இருந்தது உங்கள் கையெழுத்து மட்டும்தான். அதற்கு ஒரு மாதம் இருந்தது.

வெள்ளிக்கிழமை கோலை இனி எடுக்கமாட்டேன். கோபம் என்று நினைக்க வேண்டாம். கோபமும்தான். ஆனால் மீன் விலையைப் பற்றிக் கதைக்க வாயைத் திறக்கும்போதெல்லாம் இடையில் மூன்றாவது ஆள் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கிறது. நான் நல்லாக இருக்கிறேன் என்று அந்த ஆளுக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

களைப்பாக இருக்கிறது வாப்பா. படித்த படிப்பு முழுக்க இந்த ஓட்டையைச் சுற்றித்தான். என் வீட்டு வாசலிலேயே அது இருந்தபோது அடைக்க முடியவில்லை.

றஸ்னா


கல்முனை
12.03.2025

அன்புள்ள மகள் றஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு தொடங்கிப் பத்து நாள் தாண்டிவிட்டது. உம்மா நோன்புக் கஞ்சியில் இஞ்சியைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறாள், நீ வருகிற வருடம் என்று நினைத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமைகளில் உன் நம்பருக்கு அடிக்கிறேன். அடித்து ஓய்கிறது. பரவாயில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மௌனமாக இருப்பதையாவது அந்தப் பெட்டிக்காரர்கள் பதிவுசெய்யட்டும்.

நீ எழுதியது சரி. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். பதில் எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை.

முர்ஷிதை உனக்கு நினைவிருக்கும். ஒலுவில் துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்துகிறவன். அந்த ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று விட்டார்களே, அவன்தான். அதற்குப் பிறகு கலியாணம் காட்சி எதற்கும் வரமாட்டான். போன மாதம் அவனுடைய மாமா மௌத்தானதைக் குறூப்பில் போட்டேன். அவன் வந்து, கடைசி ஸஃப் வரிசையில் நின்று தொழுதுவிட்டு, யாரோடும் கதைக்காமல் போனான். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். ஜனாஸாவுக்கு வரச் சொல்லி யார் சொன்னது? பக்கத்தில் நின்றது யார்? ஸலாம் கொடுத்தது யார்? அவன் கடைக்கு வந்து என் தையல் மெசினைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"காக்கா, மௌத்துக்குப் போறதும் குத்தமா?"

நான் ஊசியில் நூலைக் கோர்த்தேன். கோர்த்த ஊசியில்தான் திரும்பவும் கோர்த்துக்கொண்டிருந்தேன்.

கதை ஊருக்குள் பரவியது. குறூப்புக்குள் ஆள் இரிக்கி என்று. யார் என்று தெரியாது. ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இன்னார் வெளியேறினார், இன்னார் வெளியேறினார் என்று போனில் வரிவரியாக வரும். மௌத்துச் செய்தியைவிட அது கூட. நம் ஆட்களுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. யாருடைய முகத்தைப் பிடித்தார்கள் தெரியுமா? முர்ஷிதுடையதை. 'கூப்பிட்டாங்களாம், ஒரு மணித்தியாலத்தில விட்டுட்டாங்களாம், அப்ப அவன்தான் செல்லிக்குடுக்கிறான்' என்று. துறைமுகத்தில் இரண்டு போட்காரர்கள் எஞ்சினை வேறு ஆளிடம் கொண்டுபோய்விட்டார்கள். நோன்பு இரவின் தறாவீஹ் தொழுகையில் அவனுக்கு வலமும் இடமும் ஆள் இல்லை. நான் நாலு ஸஃப் முன்னால் நின்றேன். பின்னால் போய் அவன் பக்கத்தில் நின்றிருக்கலாம். முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த முழங்கால் எனக்கு எவ்வளவு உபகாரம் செய்கிறது பார்.

திங்கட்கிழமை ஹமீட் காக்காவின் மாமனார் மௌத்து. செய்தி போட்டேன். பள்ளிவாசலில் மூன்று ஸஃப்தான். இளந்தாரிகள் ஒருவரும் இல்லை. மௌத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கியது எல்லாம் நரைத்த தாடிகள், நோன்பும் பிடித்துக்கொண்டு. நாலு அடிக்கு ஒருக்கால் தோள் மாற்றினோம். தோள் கொடுக்க ஆள் போதவில்லை. மையவாடி வாசலில் ஹமீட் காக்கா என் சட்டையைப் பிடித்து, "கலந்தர், உன்ட ஐந்நூறு பேரும் எங்கடாப்பா? என்ட மாமாவ ஆரு தூக்கிற?" என்றார். ஏசவில்லை மகள். அழுதார்.

எந்தச் சட்டத்தில் இதற்குப் பிரிவு இருக்கிறது? மௌத்தைத் தூக்க ஆள் இல்லாமல் செய்தார்கள் என்று எங்கே போய் முறைப்பாடு எழுதுவது? விதுஷாவைக் கேட்டேன். "இருந்தா எனக்கும் சொல்லுங்க அங்கிள்" என்றது. அதுவும் களைத்துத்தான் போயிருக்கிறது.

நோன்பு திறக்க பாங்கு சொல்கிறார்கள், இத்தோடு நிறுத்துகிறேன்.

வாப்பா,
கலந்தர்


கல்முனை
26.04.2025

அன்புள்ள மகள் றஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முந்திய கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தவறியிருக்கும் என்று உம்மா சொல்கிறாள். தவறவில்லை என்று எனக்குத் தெரியும். அது உன் உரிமை. ஒரு மாத எல்லையெல்லாம் அதற்குக் கிடையாது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமையில் குறூப்பில் ஒரு அறிவித்தல் போட்டேன். எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு வகைதான், அதே பாணியில் எழுதினேன்:

'ஜனாஸா அறிவித்தல். நமது இந்தக் குறூப் இன்று வபாத்தாகிவிட்டது. இதில் உள்ள ஒரு நம்பர் நம்முடைய ஆளுடையதல்ல, விசாரிக்க வந்தவர்களுடையது. அதைச் சேர்த்தது முர்ஷித் அல்ல, வேறு யாருமல்ல. குஷன் கடைக் கலந்தராகிய நான், பயத்தில் சேர்த்தேன். மர்ஹூம் குறூப்பினால் யாருக்கும் மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னிக்கவும். மன்னிக்க முடியாதவர்கள் கடைக்கு வரவும். நல்லடக்கம் இப்போதே நடைபெறும்.'

போட்டு, எல்லோரும் வாசிக்கட்டும் என்று ஒரு லுஹர் தொழுகை நேரம் விட்டு, பிறகு ஒவ்வொருவராக அகற்றிக் குறூப்பை மூடினேன். ஐந்நூறு பேரில் மிஞ்சியிருந்தது நூறு பேர்கூட இல்லை, அதனால் விரல் வலிக்கவில்லை. புது நம்பர் கடைசிவரைக்கும் ஒரு இன்னாலில்லாஹியும் போடவில்லை.

மன்னிக்க முடியாதவர்கள் உண்மையாகவே கடைக்கு வந்தார்கள். என் பதவிக் காலத்தில் நான் எழுதிய எந்த அறிவித்தலுக்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஒருவர் அடித்து வைத்த சீட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார். ஒருவர் பள்ளிவாசலில் ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. ஹமீட் காக்கா வந்து, "ஒலுவில் பக்கத்து ஆள் எண்டு செல்லி என்னையே ஏமாத்தினாய்தானே" என்று ஏசிக்கொண்டே முழுப் பகலும் கடையில் இருந்தார், வேறு யாரும் கை நீட்டிவிடக்கூடாது என்று. அதற்குப் பிறகு முர்ஷித் வந்தான். வாசலில் நின்றபடியே, "காக்கா, போட் எஞ்சினுக்கு மூடி ஒண்டு தைக்கணும். உப்புத் தண்ணி உள்ளுக்குப் பூராம" என்றான். அவ்வளவுதான். நான் அளவைக் கேட்டேன். அவன் சொன்னான்.

இப்போது மௌத்துச் செய்தியைப் பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கரில் சொல்கிறோம். அந்தச் சத்தம் அலுவலகத்துக்கும் கேட்கும். கேட்டுவிட்டு யார் யார் எழும்பிப் போனார்கள் என்று ஸ்பீக்கருக்குத் தெரியாது.

அறிவித்தல் போட்டுக் கொஞ்ச நாளில் அந்த இருவரும் வந்தார்கள். தமிழ் கதைக்கிற தம்பிக்கு முகம் நல்லாக இல்லை. "என்ன அங்கிள் இப்பிடிச் செஞ்சிட்டீங்க" என்றார், நான் அவருக்குச் சீட் சரியாக அடித்துக் கொடுக்காத மாதிரி. போனைக் கேட்டார்கள்.

"என்னத்துக்கு தம்பி? எழுத்தில தாங்க."

"அதெல்லாம் இல்ல. தாங்க."

மற்றவர் மேசையிலிருந்து தானே எடுத்தார். எடுத்ததற்குத் துண்டும் தரவில்லை. லொக் நம்பரைக் கேட்டார்கள். மறந்துவிட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது மகள். நான் பொய்யில் கைதேர்ந்தவன்தானே. ஆனால், "செல்லமாட்டன்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பக்கத்துக் கடைக்காரன் கதைத்த மாதிரி இருந்தது. "நல்லா யோசிச்சீங்களா? மகளும் வாற நேரம்" என்றார் அவர். "யோசிச்சன்" என்றேன்.

அவர்கள் போனதும் நேரே விதுஷாவிடம் போனேன். கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை எழும்பி நின்றுவிட்டது.

"அங்கிள், இந்தமுறை நீங்க குடுக்கல்ல?"

"குடுக்கல்ல."

"லொக்?"

"செல்லல்ல."

"அப்ப இது புதுச் சம்பவம். இண்டையில இருந்து புதுசா ஒரு மாசம் இரிக்கி."

சட்டத்தில் எனக்கு விளங்கிய ஒரே நல்ல செய்தி அது. அவர்கள் திரும்ப ஒருக்கால் அநியாயம் செய்தால்தான் நமக்குத் திரும்ப ஒருக்கால் கதவு திறக்கும். இதை எழுதி வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் ஓ.எல்.லில் கணக்கில் கோட்டைவிட்டவர்களாக இருக்கலாம்.

கையெழுத்து வைப்பதற்கு முன்னால் ஒன்றை விதுஷா தெளிவாகச் சொன்னது. உன் குரல் பதிவுகள்தான் வழக்கின் உயிர். உன் பெயர் இல்லாமல் மனு நிற்காது. பெயர் போனால், வழக்கு எடுக்கப்பட்டு ஏதாவது ஒரு கட்டளை கிடைக்கும்வரைக்கும் நீ நாட்டுக்குள் வராமல் இருப்பது நல்லது. எவ்வளவு காலம் என்று கேட்டேன். கையை விரித்தது. தோற்கவும் கூடும் என்றது. "சமம் எண்ட அந்த ஒரு பிரிவ நம்பித்தான் போறம் அங்கிள்" என்றது.

இந்தமுறை உன்னைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். பிறகு உன் பெப்ரவரிக் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். எனக்கு இருந்தது உங்கள் கையெழுத்து மட்டும்தான் என்று நீ ஏற்கனவே பதில் சொல்லியிருக்கிறாய். கேட்காமல் இருந்தது நான்தான்.

நேற்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தேன். நாலாவது பந்தியில் உன் முழுப்பெயர் இருக்கிறது. அழகான பெயர். இதே கையால்தான் உன் பிறப்புப் பத்திரத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். நீ ஹஜ்ஜுக்கு வர வேண்டாம் மகள். அடுத்த வருடத்தைப் பற்றியும் இப்போது கதைக்க வேண்டாம். டிக்கட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார். நீ வராவிட்டால் அது உன் கோபத்தினால்தான் இருக்கும் என்று இவ்வளவு நாளும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இனி அப்படியும் தேற்ற முடியாது.

உம்மாவிடம் சொல்ல இன்று காலை வரைக்கும் எடுத்தது. அவள் உன் அறையில் இருந்தாள். நீ வருகிறாய் என்று நான் கடையில் அடித்துக் கொண்டுவந்த புது மெத்தைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றே சொன்னேன். கையெழுத்து வைத்தது, பெயர், வர முடியாது, எல்லாம். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உறையின் மற்ற மூலையையும் இழுத்துப் பூட்டி, உள்ளங்கையால் சுருக்கத்தை எடுத்து, தலையணையை நடுவில் சரியாக வைத்துவிட்டு, பிறகுதான் நிலத்தில் உட்கார்ந்தாள்.

உன் வாப்பா,
கலந்தர்